பணியிடம் எண் 1187

அந்த மாநிலத்துச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா உயிரோடு வெளியே வரவேண்டுமானால், அதன் பின்னால் குத்தியிருக்கும் செலவுக் குறிப்பில் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். ஒரு டாலர் என்று இருந்தாலும் போயிற்று. மசோதா நிதிக் குழுவுக்குப் போய்விடும். நிதிக் குழுவுக்குப் போன மசோதாக்களைப் பற்றி அதற்குப் பிறகு விசாரிப்பது நாகரிகமில்லை.

வெர்னா டில்லட்சன் பதினாறு வருடமாக வாகனத் துறையின் தலைமையகத்தில் இந்தக் குறிப்புகளை எழுதிவருகிறாள். ஒரு சட்டம் வந்தால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று அவள்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் உண்மையான தொகையைப் போடுவாள். பிறகு இயக்குநர் கூப்பிடுவார். பிறகு பூஜ்யம் போடுவாள். "கூடுதல் செலவு இல்லை, இருக்கும் பணியாளர்களைக் கொண்டே சமாளிக்கப்படும்" என்ற வரியை அவள் விரல்கள் தூக்கத்திலும் அடிக்கும்.

இந்தச் சமாளிப்பைக் கண்டு சட்டமன்றத்துக்கே ஒரு நாள் வெட்கம் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு விதி போட்டார்கள். இருக்கும் ஆளைக் கொண்டே சமாளிப்பதென்றால் எந்தப் பணியிடத்து ஆள், எண்ணைக் குறிப்பிடு. அப்படிக் குறிப்பிட்ட பணியிடத்தில் இருப்பவரை இரண்டு வருடத்துக்கு எங்கேயும் மாற்றக் கூடாது. விதி நல்ல விதிதான். துறையின் தலைமையகத்தில் நாற்பத்தோரு பணியிடங்கள். மூன்று வருடத்தில் முப்பத்தொன்பது பணியிடங்களை ஏதாவது ஒரு சட்டத்தில் கட்டிப்போட்டாயிற்று. ஆள் உட்கார்ந்திருக்கும் பணியிடங்களில் வெர்னாவின் 0946 மட்டும் எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை. எழுதுகிறவள் அவள்தானே.

அந்தப் பிப்ரவரியில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. விடுவிப்பு ஆணை.

அவள் கணவன் ஓரினுக்கு அக்டோபரில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. வடக்கே நான்கு மணி நேரத் தொலைவில் கார்வர் ஏரிக் கரையில் படகு பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருக்கிறான். வீடு அங்கே. வெர்னா தலைநகரில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஓரினின் மருத்துவக் காப்பீடு அவளுடைய அரசாங்க வேலையில் தொங்குகிறது. நல்லவேளையாகக் கார்வர் ஏரியிலிருந்த மீன்வளத் துறைக் கிளை, மார்ச் ஒன்றாம் தேதி முதல் அவளை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. இயக்குநர் கையெழுத்துப் போட்டு விடுவித்தால் போதும். அன்றைக்குள் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆணை இயக்குநரின் மேஜையில் ஐந்து வாரமாகக் கிடந்தது. அதன் மேல் அவர் காபிக் கோப்பையை வைப்பார்.

இயக்குநர் பெயர் கிளேட்டன் ப்ரெஸ்காட். யாரும் தன்னை 'இயக்குநர்' என்று அழைக்கக் கூடாது, கிளேட்டன் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் பிறப்பித்த முதல் உத்தரவு. அறைக் கதவை எப்போதும் திறந்து வைத்திருப்பார். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு காரியதரிசி உட்கார்ந்துகொண்டு யாரையும் உள்ளே விடமாட்டாள்.

அன்று அவரே வெர்னாவைக் கூப்பிட்டனுப்பினார். கையில் அவள் எழுதிய குறிப்பு. செனட்டர் புரூக்னரின் மசோதா அது: ஓட்டுநர் பதிவேட்டைக் கண்காணிக்கும் திட்டம். லாரிக் கம்பெனிக்காரர்களும் பள்ளிப் பேருந்து முதலாளிகளும் தங்கள் ஓட்டுநர்களின் பெயரைக் கொடுத்துவைக்கலாம். அவர்களில் எவனாவது குடித்துவிட்டு ஓட்டினாலோ சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ, அன்றைக்கே முதலாளிக்கு அறிவிப்புப் போய்விடும். நல்ல யோசனைதான் என்று வெர்னாவே நினைத்தாள். நல்ல யோசனைக்கு ஆகும் செலவு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் என்றும் கணக்குப் போட்டிருந்தாள்.

"வெர்னா, நான் இதை ஒரு தொகையா பாக்கல. ஒரு மனநிலையா பாக்கறேன்," என்றார் ப்ரெஸ்காட்.

"என்ன மனநிலை, கிளேட்டன்?"

"நம்பிக்கையில்லாத மனநிலை. புது கம்ப்யூட்டர் எதுக்கு?"

"இப்ப இருக்கறது நாப்பது வருஷத்துக்கு முந்தினது. ராத்திரி பூரா ஒன்பது லட்சம் பேரை ஒப்பிட்டுப் பாக்கணும்."

"ராத்திரி அது சும்மாதானே இருக்கு? தபால் செலவு?"

"அறிவிப்பு அனுப்பணுமே."

"மின்னஞ்சல். இந்த மூணு ஆளு?"

"ஃபோன் எடுக்கறதுக்கு. 'அது நான் இல்ல, என் பேருல இருக்கற என் சித்தப்பா பையன்'னு ஒரு நாளைக்கு நூறு பேர் கூப்பிடுவான். வேலை போயிடுமேன்னு அழுவான். யாராவது ஒருத்தர் உக்காந்து கேக்கணும்ல."

ப்ரெஸ்காட் கண்ணை மூடிக்கொண்டார். கருணை வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். "ஒருத்தர். நீங்களே சொல்லிட்டீங்க. ஒருத்தர் போதும். இருக்கற ஆள்ல ஒருத்தர். செனட்டருக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன் வெர்னா. பூஜ்யம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள." கோப்பையைச் சற்றே நகர்த்தினார். ஆணையின் ஓரத்தில் பழுப்பு வட்டங்கள் தெரிந்தன. "அது முடிஞ்சதும் இதையும் முடிச்சிடலாம். ஒரு எண்ணு தானே வேணும்? 0946 இன்னும் எதுலயும் ஏறலன்னு கேள்விப்பட்டேன்."

வெர்னா வெளியே வந்து படியிறங்கினாள். 0946-ஐப் போட்டால் இரண்டு வருடம் அசைய முடியாது. போடாவிட்டால் அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

கணினிப் பிரிவு நிலத்தடியில் இருந்தது. அங்கே மில்ட் கோஸ்லவ்ஸ்கி என்ற ஒரே மனிதன் அந்தக் கிழட்டு இயந்திரத்தோடு குடும்பம் நடத்திவந்தான். அவன் ஓய்வு பெற்றால் மாநிலத்தில் யாருக்கும் ஓட்டுநர் உரிமம் கிடைக்காது என்று ஒரு பேச்சு. அது அவன் கிளப்பிவிட்டதுதான், ஆனால் உண்மை.

"என்னைப் பாக்காதே," என்றான் மில்ட், சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே. "என்னை ஏழு சட்டத்துல கட்டி வெச்சிருக்கே. நான் செத்தா சவப்பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி சட்டத்துறைகிட்ட அனுமதி வாங்கணும்."

"உன்னை யாரு கேட்டா? நாப்பத்தோரு எண்ல ஒண்ணுகூடவா மிச்சம் இல்ல?"

"உன்னோடது இருக்கு."

"என்னோடதைத் தவிர."

மில்ட் மெல்லுவதை நிறுத்தினான். கதவைப் பார்த்தான். "எல்டன் இருக்கான்."

எல்டன் ஃப்ரை மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோன மனிதர். சவ அடக்கத்துக்கு இருவருமே போயிருந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் நன்றாக இருந்தது. ஆனால் காலியான பணியிடத்தை நிதித்துறை உடனே வெட்டிவிடும். அதனால் ப்ரெஸ்காட் சொல்லி, மில்ட் எல்டனை 'நீண்டகாலச் சம்பளமில்லா விடுப்பு' என்று பதிந்து வைத்திருந்தான். விடுப்பு முடிகிறபோது மறுபடி நீட்டுவான். எல்டனும் ஆட்சேபித்ததில்லை.

"1187," என்றான் மில்ட். "மூணு வருஷமா ஒரு வேலையும் பாக்கல. யாருக்கும் தொந்தரவு இல்ல. இந்த ஆபீஸ்ல இவ்வளவு தகுதியுள்ள ஆள் வேற யாரு?"

"செத்தவர் பேருல திட்டமா?"

"பேரு யாரு கேக்கறா? எண்ணு தானே கேக்கறான்."

வெர்னா அன்று சாயங்காலமே குறிப்பை அடித்தாள். அரசாங்கத்துக்கு ஆகும் செலவு: பூஜ்யம். பணியிடம் எண் 1187-ஐக் கொண்டு சமாளிக்கப்படும். ப்ரெஸ்காட் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், புன்னகைத்தார். "இதுதான் வெர்னா, நான் சொன்ன மனநிலை." ஆணையில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மசோதா போக்குவரத்துக் குழுவைத் தாண்டட்டும் என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ப்ரெஸ்காட்டுக்கு ஒரு வெற்றி போதாது; அதைப் பற்றி ஓர் அறிக்கையும் வேண்டும். தலைமையகத்து நாற்பத்தோரு பேரின் ஓட்டுநர் பதிவேடுகளையே வைத்து மில்ட் ஒரு சோதனை ஓட்டம் நடத்தும்படி ஆயிற்று. இயந்திரம் ஒரே ராத்திரியில் அறிவிப்புகளைக் கொட்டியது. ப்ரெஸ்காட் வேகமாக ஓட்டி இரண்டு தடவை பிடிபட்டிருந்தார். மில்ட்டின் உரிமம் காலாவதியாகி எட்டு மாதம். வெர்னாவுக்கு ஐந்து அபராதங்கள், ஐந்தும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், வடக்கே போகும் அதே நெடுஞ்சாலை. மூன்று வருடமாக ஒரு சிறு குற்றம்கூடச் செய்யாத ஒரே பணியாளர் எல்டன் ஃப்ரை.

ப்ரெஸ்காட் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, அறிக்கையில் இப்படி எழுதினார்: 'இத்திட்டத்தை ஒற்றை ஆளாக ஏற்று நடத்த முன்வந்திருக்கும் 1187ஆம் பணியிடப் பணியாளரின் பதிவேடு மாசற்றது.'

செனட்டர் புரூக்னர் அதைப் படித்து உருகிப்போனார். மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வியாழக்கிழமை காலை குழு விசாரணைக்கு அந்த மாசற்ற மனிதரை அழைத்து வாருங்கள். செனட்டர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாரும் கைதட்ட வேண்டும் என்று விரும்புகிறார்.

ப்ரெஸ்காட் முதன்முறையாகத் தன் அறைக் கதவைச் சாத்தினார். உள்ளே வெர்னாவும் மில்ட்டும்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாமே," என்றாள் வெர்னா.

"பொய்யில்லையே," என்றான் மில்ட்.

"செனட்டர் வீட்டுக்கே பூ அனுப்புவார். அந்த மாதிரி ஆளு," என்றார் ப்ரெஸ்காட். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பனி வாரும் வண்டியைப் பார்த்தார். பிறகு வெர்னாவின் பக்கம் திரும்பினார். "1187ல யாரு இருக்கான்னு சொல்ற அதிகாரம் எனக்கு இருக்கு. தற்காலிகப் பணியமர்த்தல். ஒரே ஒரு காலை. நீங்க வந்து உக்காருங்க, நாலு வார்த்தை சொல்லுங்க, கைதட்டுவாங்க, வந்துடலாம்."

"ஆணையில கையெழுத்துப் போடுங்க. அப்புறம் வர்றேன்."

"வெர்னா, நம்பிக்கைங்கறது..."

"கிளேட்டன், பேனா உங்க பையிலதான் இருக்கு."

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டார். வெர்னா ஆணையை வாங்கி மூன்று தடவை படித்தாள். பதினாறு வருடம் தாள்களோடு வாழ்ந்தவள். எங்கே ஏமாற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தேதி சரி. முத்திரை சரி. 'பணியிடம் எண் 0946 மார்ச் ஒன்று முதல் இத்துறையிலிருந்து விடுவிக்கப்பட்டு, மீன்வளத் துறையின் கார்வர் ஏரிக் கிளைக்கு மாற்றப்படுகிறது.' எண் சரி. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அந்தப் படிவத்தில் ஆளின் பெயருக்கு இடமே கிடையாது என்பது அவள் கண்ணில் படவில்லை. படாததில் ஆச்சரியமில்லை, அந்தப் படிவத்தை வடிவமைத்ததே அவள்தான். அந்த அலுவலகத்தில் எண்ணும் ஆளும் ஒன்று என்று பதினாறு வருடமாக நம்பியவளும் அவள்தான்.

அன்றிரவே கார்வர் ஏரிக்கு நகல் அனுப்பிவிட்டு ஓரினைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்தாயிடுச்சு."

"நிஜமாவா? அந்தாளு செத்தாத்தான் போடுவான்னு நெனச்சேன்," என்றான் ஓரின். "உன் பக்கத்து அலமாரியைக் காலி பண்ணி வெக்கறேன். தூண்டிலெல்லாம் அடுக்கியிருக்கேன் அதுல."

"கனமானதைத் தூக்காதே. நான் வந்து எடுத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, சட்டமன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் சுவரில் வைத்து ப்ரெஸ்காட் தற்காலிகப் பணியமர்த்தல் தாளில் கையெழுத்திட்டார். ஒன்பது மணிக்குக் குழு கூடியது. செனட்டர் புரூக்னர் ஆறடி மூன்றங்குலம். மரம் வெட்டும் மாவட்டத்திலிருந்து வந்தவர். பேசும்போது தன் குரலைத் தானே சாய்ந்து கேட்பார்.

"இந்த அரசாங்கம் கொழுத்துப்போச்சுன்னு சொல்றாங்க. நான் கேக்கறேன், எங்க கொழுத்துப்போச்சு? ஒரே ஒரு ஆள். ஒரு சென்ட் கூடுதலா கேக்காம இந்த மாநிலத்துச் சாலைகளைக் காப்பாத்தறேன்னு முன்வந்திருக்கற ஒரே ஒரு ஆள். எங்க அவர்? எழுந்திரிங்க ஐயா."

வெர்னா எழுந்தாள்.

செனட்டர் ஒரு கணம் தாளைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க, அம்மா. நீங்கதான் 1187ஆ?"

"ஆமாம், செனட்டர். இப்போதைக்கு நான்தான்."

"உண்மையைத்தான் சொல்லுவேன்னு உறுதிமொழி எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கோடு ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூட வேகமா போனதில்லையா நீங்க?"

வெள்ளிக்கிழமைச் சாலை முழுவதும் அவள் கண்முன் ஓடியது. "1187-க்கு அப்படி எதுவும் பதிவாகல, செனட்டர்."

"பாத்தீங்களா!" என்றார் செனட்டர் சபையை நோக்கி.

மக்காச்சோள மாவட்டத்து உறுப்பினர் ஒருத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கேட்டாள்: "எல்லாம் சரி. இந்தம்மா இப்ப பாத்துட்டிருக்கற வேலையை யாரு பாப்பாங்க?"

ப்ரெஸ்காட் பாய்ந்து எழுந்தார். "1187-க்கு இப்போதைக்கு வேலைச்சுமை எதுவும் இல்லைங்க." அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட முழு உண்மை அது ஒன்றுதான்.

"கூடுதல் சம்பளமோ கூடுதல் ஆளோ கேக்காம நீங்களே நடத்துவீங்களா?" என்றார் செனட்டர்.

வெர்னாவின் கைப்பையில் ஆணை இருந்தது. விரலால் அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நடத்துவேன்."

கைதட்டினார்கள். குழு பதினொன்றுக்கு இரண்டு என்று மசோதாவை நிறைவேற்றியது. மறு வாரமே இரு அவைகளும் தாண்டி ஆளுநரின் கையெழுத்தும் ஆயிற்று. பூஜ்யம் செலவாகும் ஒன்றை எதிர்க்க யாருக்கு மனம் வரும்?

பிப்ரவரி கடைசி நாள். வெர்னா மேஜையைக் காலி செய்து ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்திருந்தாள். சக ஊழியர்கள் கேக் வாங்கியிருந்தார்கள். பணியாளர் பிரிவு ஜோலீன் ஒரு துண்டு கேக்கோடும் ஒரு தாளோடும் வந்தாள்.

"வெர்னா, நீ எங்க கெளம்பறே?"

"கார்வர் ஏரிக்கு. ஆணையை நீதானே பதிஞ்சே."

"பதிஞ்சேன். 0946 போயாச்சு. காலையிலேயே அவங்க கணக்குல ஏறிடுச்சு." ஜோலீன் சங்கடத்தோடு கேக்கைக் குத்தினாள். "ஆனா நீ 0946ல இல்லையே. போன வியாழக்கிழமையிலிருந்து நீ 1187. தற்காலிகமாத்தான் போட்டாரு. ஆனா நீ குழு முன்னாடி உறுதிமொழி எடுத்துச் சொல்லிட்டே, மசோதாவும் சட்டமாயிடுச்சு. கட்டுப்பட்ட பணியிடம். ரெண்டு வருஷம்."

"அப்போ ஏரிக்குப் போனது யாரு?"

"பணியிடம் போச்சு. காலியா போச்சு. நல்லதாப்போச்சுன்னு ஃபோன் பண்ணாங்க. அவங்களே ஒரு ஆளை எடுத்துக்கறாங்களாம்."

வெர்னா ப்ரெஸ்காட்டின் அறைக்குள் காரியதரிசியைத் தாண்டிப் போனாள். அவர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. மனசே சரியில்ல."

"ரத்து பண்ணுங்க. ஒரே ஒரு காலைன்னு சொன்னீங்க."

"பண்ணலாம். இப்பவே பண்ணலாம்." உட்கார்ந்தார். "பண்ணினா 1187ல யாரு இருக்கான்னு கேப்பாங்க. எல்டனைத் தோண்டுவாங்க. அப்புறம் 'நான்தான் 1187, நான் நடத்துவேன்'னு உறுதிமொழி எடுத்துச் சொன்னது யாருன்னு கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் எதுவும் சொல்லல, வெர்னா. ஒலிப்பதிவுல இருக்கறது உங்க குரல். பொய்ச் சாட்சின்னா வேலை போகும். வேலை போனா காப்பீடு... உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"அந்தக் குறிப்பு பொய்னு நான் போய்ச் சொன்னா?"

"குறிப்பை எழுதினது யாரு?"

வெர்னா திரும்பிப் போய் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

திட்டம் மார்ச் ஒன்றாம் தேதி தொடங்கியது. எல்டனின் பழைய மேஜை நிலத்தடியில், மில்ட்டின் இயந்திரத்துக்கு எதிரே. ஜன்னல் இல்லை. அன்று விடிவதற்குள்ளேயே இயந்திரம் இரண்டாயிரத்து நூறு அறிவிப்புகளை அனுப்பிவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும், சந்தேகங்களுக்கு அணுக வேண்டியவர் என்று 1187-க்கு இயந்திரத்தில் இருந்த பெயரை அச்சிட்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் நிரலை மாற்ற வேண்டும். நிரலை மாற்றினால் செலவு. செலவு பூஜ்யம் என்பது இப்போது சட்டம்.

"நான் ஓசியில மாத்தித் தரேனே," என்றான் மில்ட். "ஆனா என் ஏழாவது சட்டத்துக்கான வேலை நேரம் முடிஞ்சப்புறம். அடுத்த ஜூன்ல ஞாபகப்படுத்து."

காலை ஒன்பது மணிக்கு ஓரின் கூப்பிட்டான். "அலமாரி காலியாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரன்தான் தூக்கி வெச்சான், நான் இல்ல. எத்தனை மணிக்குக் கெளம்பறே?"

அவள் முந்தின நாள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொன்னாள். கொட்டகையில் எங்கோ ஒரு மோட்டார் ஓடி நிற்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம்."

"வேலையை விட்டுடேன், வெர்னா."

"உன் மாத்திரை மாசத்துக்கு எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்காதே. ஓரின், இரு. இன்னொரு லைன்ல கூப்பிடறாங்க. மூணு லைன்ல கூப்பிடறாங்க."

பொத்தானை அழுத்தினாள். ஓர் ஆண்பிள்ளை அழாமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். பால் வண்டி ஓட்டுகிறவனாம். காலையில் முதலாளி கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாராம். குடித்துவிட்டு ஓட்டியது அவன் இல்லையாம். அதே பெயரில் பக்கத்து மாவட்டத்தில் ஒருத்தன் இருக்கிறானாம்.

"தப்பா கூப்பிட்டுட்டேனாங்க? இதுல ஆம்பளை பேரு போட்டிருக்கு. எல்டன் ஃப்ரைன்னு. அவர்கிட்டதான் பேசணுமாம். அவரைக் குடுக்கறீங்களா?"

வெர்னா ஒரு தாளை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஃப்ரைதாங்க பேசறேன்," என்றாள். "உங்க உரிம எண்ணைச் சொல்லுங்க."